கீழே என்றால் வடக்கு

ஆங்கிலேயர் வளைவு, இடதுகரை
28 டிசம்பர் 1803

அன்புள்ள தம்பி இலேருக்கு,

அக்கா உலாலி எழுதுவது. வீடும் நானும் நலம். மழை வருவதற்கு முன்னால் முழங்கால் மட்டும் முனகுகிறது. உன் மார்புச்சளி பென்சகோலாக் கடற்காற்றுக்குக் குறைந்ததா?

கொடி மாறியதைப் பார்த்தேனா என்று கேட்டிருந்தாய். இரண்டு தடவை பார்த்தேன். சென்ற மாதக் கடைசியில் ஸ்பெயின் கொடி இறங்கிப் பிரெஞ்சுக் கொடி ஏறியது. நம் பாஷைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று பாதிரியார் மணியடிக்கச் சொன்னார். இருபது நாள்தான் அது பறந்தது. அதையும் இறக்கிவிட்டு அமெரிக்கர்களின் கோடு போட்ட கொடியை ஏற்றினார்கள். பாதிக் கம்பத்தில் அது சிக்கிக்கொண்டது. நகரச் சதுக்கத்தில் ஒரு மூலையில் நின்றிருந்த பத்து இருபது அமெரிக்கர்கள் மட்டும் தொப்பியை வீசினார்கள். மற்றவர்கள் இருமினார்கள்.

பாரிசில் யாரோ கையெழுத்துப் போட்டு நம்மை விற்றுவிட்டார்கள், இலேர். ஆற்றோடும் காட்டோடும் சேர்த்து நானும் விற்கப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார்களே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சமையற்காரி ஒனொரின் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

“விக்கிறதுன்னா அப்படித்தானேம்மா. என்னைய வாங்கினப்ப ஐயா எங்கிட்ட கேட்டாரா?” என்றாள்.

குடையை நேராகப் பிடி என்றேன்.

மூத்தவளின் ஆசிகள். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

உலாலி


பென்சகோலா
19 பிப்ரவரி 1804

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி இலேரின் வணக்கம். சளி குறைந்தது, கடன்காரனைப் போல எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கற்பூர எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். துலோம் கப்பித்தானின் பாய்க்கப்பலில் வரும்.

இங்கே நில அளவை அலுவலகத்தில் நாள் முழுக்க இந்த விற்பனையைப் பற்றித்தான் பேச்சு. வாங்க வந்தவர்கள் நம் நகரத்தையும் துறைமுகத்தையும் மட்டும் கேட்டுத்தான் பாரிசுக்குப் போனார்களாம். அங்கே யுத்தச் செலவுக்குப் பணம் தேவை. முழுவதையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதும் திகைத்துப்போய்ச் சரி என்றார்களாம். மேற்கே எதுவரை எங்கள் நிலம் என்று வாங்கியவர்கள் கேட்டபோது, விற்றவர்கள் தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் மேலதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லை தெரியாமல் ஒரு கோழிக்கூண்டைக்கூட நாம் விற்கமாட்டோம்.

ஆனால் இந்த விற்பனை செல்லாது, அக்கா. வேறு யாருக்கும் கைமாற்றமாட்டோம் என்று, இங்கே இன்னும் ஆளும் எங்கள் ஸ்பெயின் மன்னருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பிரான்சு அதை வாங்கியது. வாக்கை மீறி விற்றது விற்பனையே அல்ல. கொடி மறுபடி மாறும். அதுவரை நீங்கள் அந்த ஈரக்கூட்டில் தனியாக இருக்க வேண்டாம். இங்கே வந்துவிடுங்கள்.

உங்கள் பிரார்த்தனையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலேர்


ஆங்கிலேயர் வளைவு
12 ஆகஸ்ட் 1805

தம்பி இலேருக்கு,

உன் கடிதம் தொலைந்துபோகவில்லை. ஒன்றரை வருடமாக என் மேசையில்தான் இருக்கிறது. அப்பா கட்டிய வீட்டை ஈரக்கூடு என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத மனம் வரவில்லை. கற்பூர எண்ணெய் நல்ல எண்ணெய். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். இப்போது காரியம் இருப்பதால் எழுதுகிறேன்.

பழைய ஆட்சியில் நிலம் பெற்றவர்கள் எல்லோரும் வரும் மார்ச் முதல் தேதிக்குள் உரிமையைப் பதிய வேண்டும் என்று அமெரிக்கர்கள் அறிவித்திருக்கிறார்கள். யாரும் உரிமை கோராத நிலம் அரசாங்கத்துக்கு. நகரத்து அலுவலகத்துக்குப் போனேன். டக்கெட் என்ற எழுத்தர். சுத்தமான கழுத்துப்பட்டி, அசுத்தமான நகம். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். பெக்கான் மரத்தடி எல்லைமுளையிலிருந்து கீழ்நோக்கி, நம் பிரெஞ்சு நில அளவில் ஆறு அர்ப்பான் முகப்பு, பின்னோக்கி நாற்பது அர்ப்பான் ஆழம். மேலே ஹாஸ்கெல் நிலம், கீழே ஸ்வைக் குடும்பத்து நிலம், முன்னால் ஆறு, பின்னால் சதுப்பு.

“வடக்குல என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“மேல, கீழ, முன்னால, பின்னால. நாலு பக்கமும் சொல்லிட்டேனே.”

“அதெல்லாம் திசை இல்லையே, மதாம்.”

“எங்க திசை அதுதான். ஆறு வர்ற பக்கம் மேல. போற பக்கம் கீழ. இதுல எது புரியல?”

புரிந்தது என்று சொல்லி எழுதினார். “முளையிலிருந்து தெற்கே” என்று மொழிபெயர்ப்பாளர் படித்துக் காட்டினார். அவர்கள் பாஷையில் கீழே என்பதற்கு அதுதான் சொல் போலிருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அறுபத்துநான்கு வருடமாக எனக்குத் தெற்கு தேவைப்பட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து ஹாஸ்கெல் வந்தார். சென்ற வருடம் நமக்கு மேலே நிலம் வாங்கிய அமெரிக்கர். வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றாமல் நின்றுகொண்டு, “மதாம், என் கரும்பு ஆலைய உங்க பேர்ல எழுதிட்டீங்களாமே?” என்றார். உலகத்துக்கெல்லாம் தெற்கே ஓடும் இந்த ஆறு நம் வளைவில் மட்டும் திரும்பி வடக்கே ஓடுகிறது என்பது அவர்கள் தாளில் இல்லை. தெற்கே போனால் ஹாஸ்கெல் நிலம். அவர் ஏற்கனவே பதிந்துவிட்டதால் என் மனு தள்ளுபடி. நம் நிலத்தை யாரும் கோரவில்லை என்று கணக்கு. அதாவது என் அடுப்படி பாரிசில் வாங்கப்பட்டது.

ஆங்கிலக் கப்பல் மிரண்டு திரும்பிப்போன இடம் என்றுதான் இந்த வளைவுக்கே பெயர். இப்போது மறுபக்கமாக, காகிதத்தோடு வந்திருக்கிறார்கள்.

நீ அளவை அலுவலகத்தில் படம் வரைபவன். நம் நிலத்தைத் தெளிவாக ஒரு படம் வரைந்து அனுப்பு. கோடுகள் சுத்தமாக இருக்கட்டும்.

உலாலி


பென்சகோலா
6 செப்டம்பர் 1805

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் கோபமும் சுகமாக இருக்கிறது என்று அறிந்து நிம்மதி அடைந்தேன்.

படம் இத்துடன் வருகிறது. இரண்டு மாலை உட்கார்ந்து வரைந்தேன். எல்லைமுளையை வரையும்போது இடது கன்னம் எரிந்தது. ஞாபகம் இருக்கிறதா? முளை நடுகிற அன்று ஒரு பையனை அங்கே நிறுத்தி ஓங்கி ஓர் அறை விடுவது நம் ஊர் வழக்கம், சாகும்வரை அவன் அந்த இடத்தை மறக்கக்கூடாது என்று. அப்பா அன்றைக்கு வழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே செய்தார். எனக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தின நாள் அவருடைய புகைக்குழாயை நான் உடைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

இந்தப் படத்தைப் பார்த்தபின் குருடனும் சந்தேகப்பட மாட்டான். ஆனாலும் அந்த அலுவலகத்துக்கு நீங்கள் இத்தனை மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. நிலைக்காத ஆட்சியிடம் நிலைக்கும் உரிமை எதற்கு?

ஆரஞ்சு இந்த வருடம் எப்படி? உங்கள் கையால் காய்ச்சிய பாகு சாப்பிட்டு வெகுநாள் ஆயிற்று.

இலேர்


ஆங்கிலேயர் வளைவு
14 அக்டோபர் 1805

தம்பி இலேருக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

உன் படம் அழகான படம். கன்னிமாடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த சகோதரிகூட அந்தக் கோடுகளில் குற்றம் காணமாட்டார். நானும் காணவில்லை. குற்றம் கோட்டில் இல்லை, தாளில் இருந்தது.

இந்த ஊரில் படம் வரையும் எல்லோரையும்போல ஆற்றைத் தாளின் அடியில் வரைந்திருக்கிறாய். ஆறுதானே முகப்பு. ஆனால் டக்கெட்டின் ஊரில் தாளின் தலைப்பக்கம் வடக்காம். வேறு எதையும் காட்டும் அம்புக்குறி உன் படத்தில் இல்லை. அந்தக் கணக்கில், முளைக்கு வலப்பக்கம் நீ வரைந்த நிலம் கிழக்கே போகிறது என்று அளந்து பார்த்தார்.

“மதாம், உங்க நிலம் ஆத்துக்குள்ள இருக்கு,” என்றார்.

“அப்ப கெளுத்தி மீனுக்குத்தான் நான் வீடு கட்டிக் குடுத்திருக்கேன் போல,” என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒரு திசைகாட்டியோடு நேரில் வந்து பாருங்கள் என்றேன். உரிமை முடிவாகாத நிலத்துக்கு ஆள் அனுப்ப விதியில்லையாம். இனிப் படமும் வேண்டாமாம். முளை நட்டபோது அங்கே நின்ற ஒருவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டுமாம். நானும்தான் நின்றேன். அப்பாவின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உனக்குப் பின்னால் நின்றேன். ஆனால் மனுப் போட்டவரே சாட்சியாக முடியாது. பெண் என்பதால் அன்றைக்கு அறையும் கிடைக்கவில்லை, இன்றைக்குச் சாட்சியும் இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் கல்லறையில். வரும் அனைத்துப் புனிதர் நாளுக்கு அவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கப் போகிறேன். உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்.

வா என்று நான் எழுதவில்லை. என்ன தேவை என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

உலாலி


பென்சகோலா
20 நவம்பர் 1805

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். ஒரு வாரம் குளிர்க்காய்ச்சல், இப்போது எழுந்துவிட்டேன். நீங்கள் நலமா?

நேரில் வருவது இந்தப் பருவத்தில் சுலபமல்ல. அலுவலகத்தில் வேலை குவிந்திருக்கிறது. ஆனால் அதற்கு அவசியமும் இல்லை. இங்குள்ள தளபதியின் முன்னால் சத்தியம் செய்து, முளை, மரம், அறை எல்லாவற்றையும் எழுதி, முத்திரையிட்டு அனுப்பியிருக்கிறேன். கீழே என்பது வடக்கு என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். திசை கேட்டவர்களுக்குத் திசை கிடைத்துவிட்டது.

உங்களுக்கு ஒரு துண்டு நல்ல சாக்லேட்டும் அனுப்பியிருக்கிறேன். ஒனொரினிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவள் பால் அதிகம் ஊற்றிக் கெடுத்துவிடுவாள்.

இலேர்


ஆங்கிலேயர் வளைவு
16 டிசம்பர் 1805

இலேருக்கு,

சாக்லேட் கிடைத்தது. உன் சாட்சியம் திரும்பி வந்தது.

முதல் வரியிலேயே டக்கெட்டின் விரல் நின்றுவிட்டது. “மாட்சிமை தங்கிய ஸ்பெயின் மன்னரின் லூசியானா மாகாணத்தில் உள்ள நிலம்” என்று எழுதியிருக்கிறாய். உள்ளே எடுத்துக்கொண்டு போய் ஆணையரிடம் காட்டினார். வெளியே வந்து, “அந்த மாதிரி ஒரு மாகாணமே இல்லயாம், மதாம். இருந்தா, நிலத்தை அந்த ராஜாகிட்டயே கேட்டுக்கச் சொன்னாரு,” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

ஆற்றின் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம். வளைவின் பெயரை எழுதியிருக்கலாம். ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாம். கொஞ்சம் பெரிய எழுத்தில் மன்னரை எழுதியிருக்கிறாய், அதையும் கவனித்தேன். எனக்கு இந்த அமெரிக்கர்கள் மேல் உன்னைவிடப் பிரியம் அதிகம் என்று நினைக்கிறாயா? என் வயதில் அவர்கள் பாஷையில் நான்கு திசையையும் படித்து மனப்பாடம் செய்திருக்கிறேன். வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு சொல்வது போல இருக்கிறது. சொல்கிறேன்.

காய்ச்சல் விட்டது பற்றி மகிழ்ச்சி. தினமும் மாலை நீ பில்லியர்ட் ஆடி ஜெயிப்பதாகத் துலோம் கப்பித்தான் சொன்னார். அதற்கும் என் வாழ்த்துகள்.

உலாலி


பென்சகோலா
8 ஜனவரி 1806

அக்காவுக்கு,

புத்தாண்டு வணக்கம். உடல்நலத்தோடு இருங்கள்.

முப்பது வருடம் அவருடைய சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த வரி என் பேனாவில் தானாக வந்தது. அதை அடித்துவிட்டு வேறு எழுதினால் நான் யாருடைய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். உங்களுக்கு அது ஒரு வார்த்தைதான்.

காற்று மோசம். கப்பல்கள் ஒழுங்காகப் புறப்படுவதில்லை.

பெக்கான் மரம் இந்த வருடம் காய்த்ததா? சமையலறைத் தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? வீட்டைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே.

இலேர்


ஆங்கிலேயர் வளைவு
27 ஜனவரி 1806

இலேருக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. சமையலறைத் தோட்டத்துக்கு இந்த வருடம் ஓய்வு கொடுத்திருக்கிறேன். பெக்கான் காய்க்கவில்லை.

குளிர் அதிகம் என்பதால் கடிதத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

உலாலி


நகரம், கப்பல்துறைக்கு எதிரே உள்ள விடுதி
24 பிப்ரவரி 1806

அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு சரியாக இருக்கிறது, கடற்பயணத்தில் வயிறு மட்டும் சரியில்லை.

உங்கள் கடிதத்தைக் கொடுத்த கையோடு துலோம் கப்பித்தான் மீதியையும் சொல்லிவிட்டார். அரசாங்க நிலம் என்று அளக்க வந்தவர்கள் சமையலறைக்கும் கிணற்றுக்கும் நடுவே எண் போட்ட குச்சிகள் நட்டிருக்கிறார்களாம். பார்வையை மறைக்கிறது என்று பெக்கான் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்களாம். நீங்கள் தோட்டத்துக்கு ஓய்வு என்றும், மரம் காய்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொய் ஒன்றும் இல்லைதான். மடத்தில் நன்றாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

விடுப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன். மறுத்தார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்று காலை சாட்சி சொன்னேன். டக்கெட் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒம்பது வயசுல நடந்தத எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?”

“அறை வாங்கினவனுக்கு மறக்குமா?”

“சரி, எந்தப் பக்கம் பாத்து நின்னீங்க?”

“கீழ பாத்து,” என்று சொல்லிவிட்டேன், அக்கா. வாயில் வேறு வரவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டார். உங்களை நினைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்: “கீழ பாத்து நிக்கிறேன். அப்பா எடது கன்னத்துல விட்டாரு. மூஞ்சி வலப்பக்கம் திரும்பிடுச்சு. அந்தப் பக்கம் ஆறு. ஆத்துக்கு மேல அப்பதான் சூரியன் வருது, கண்ணு கூசுச்சு. சூரியன் எனக்கு வலது கைப்பக்கம் வந்தா நான் எங்க பாத்து நிக்கிறேன்?”

டக்கெட் நாற்காலியில் நேராக உட்கார்ந்து தன் இடது கன்னத்தைத் தொட்டு, முகத்தை மெல்ல வலது பக்கம் திருப்பிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரும் திருப்பினார். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வடக்கு,” என்றார் டக்கெட், யாரோ தன்னை அறைந்துவிட்டதுபோல. ஆறு மாதமாக உங்களுக்குக் கிடைக்காத சொல்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. நிலம் எந்த நாட்டில் இருக்கிறது? “அமெரிக்காவுல,” என்றேன். எழுதிக்கொண்டார். அதைப் பெரிய எழுத்தில் எழுதவில்லை, சாதாரணமாகத்தான் எழுதினார்.

தீர்ப்பு வர ஒரு வருடமோ, ஐந்து வருடமோ ஆகுமாம். அதுவரை மனு உயிரோடு இருக்கிறது, யாரும் உங்களை வெளியேற்ற முடியாது, குச்சிகளைப் பிடுங்கிவிடலாம் என்றார். இதற்கு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது.

இனிப் பென்சகோலாவில் எனக்கு நாற்காலி இல்லை. அந்த ஈரக்கூட்டில் ஆற்றுப்பக்கத்து அறை காலியாக இருக்கிறதா?

இலேர்


ஆங்கிலேயர் வளைவு
25 பிப்ரவரி 1806

அன்புள்ள தம்பி இலேருக்கு,

இதைக் கொண்டுவரும் படகுக்காரரிடம் பதில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவரோடு நீயே ஏறிவிடு.

உன் கடிதத்தில் நான்கு எழுத்துப்பிழைகள். அவசரம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குச்சிகளை இன்று காலை ஒனொரின் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். காய்ந்த சைப்ரஸ் மரம், காப்பி சீக்கிரம் கொதித்தது. “கடைசில உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டாங்க போலிருக்கேம்மா,” என்றாள். நேராகப் பிடி என்று சொல்ல அவள் கையில் குடையும் இல்லை.

பெக்கானின் அடிமரம் நிற்கிறது. முளை அதன் வேருக்குள் பத்திரமாக இருக்கிறது, தடவிப் பார்த்தேன்.

வீட்டை ஈரக்கூடு என்று இரண்டாம் தடவை எழுதியிருக்கிறாய். அதற்கு உனக்கு இங்கே ஓர் அறை உண்டு. எந்த அறை என்பதை வந்து தெரிந்துகொள்.

படகுக்காரர் புதியவர், அமெரிக்கர். எந்தப் பக்கம் என்று கேட்பார். தெற்கு, வடக்கு என்று அவரைக் குழப்பாதே.

கீழே வா.

அக்கா
உலாலி